அப்பா ஜெபிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது

கேள்வி: எனக்கு வயது 36. நெல்லைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். சேகரக் கமிட்டியில், அதாவது பக்கத்துப் பக்கத்துச் சபைகளைச் சேர்த்து நடத்தும் குழுவில் இருக்கிறார், அதற்கு மேலுள்ள திருமண்டலப் பெருமன்றத்துக்கும் தேர்வானவர். ஞாயிறு ஆராதனையில் பாடம் வாசிப்பார். குருவானவர் வராத நாளில் பிரசங்கமும் செய்வார். அவர் ஜெபித்தால் கல்லும் கரையும் என்பார்கள். என் தங்கை நான்கு வருடத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவரும் கிறிஸ்தவர்தான், பக்கத்துச் சேகரத்தைச் சேர்ந்தவர். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. கிறிஸ்மஸுக்குக்கூட வீட்டுக்குள் விடவில்லை, பேத்தி பிறந்தபோது பார்க்கவும் போகவில்லை. அம்மா ஒளிந்து ஒளிந்து போனில் பேசுகிறாள். தெரிந்தால் அப்பா போடும் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும். போன மாதம் அவர் 'தாழ்மை' என்ற தலைப்பில் பிரசங்கம் செய்தார். நான் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். "நீ பரிசேயத்தி மாதிரி அப்பாவை நியாயந்தீர்க்கிறாய், தாழ்மையாக இரு" என்று அம்மா சொல்கிறாள். என் பத்து வயது மகன், "எல்லாரையும் நேசிக்கணும்னு ஜெபத்துல சொல்ற தாத்தா ஏன் சித்தியோட பேசமாட்டார்?" என்று கேட்கிறான். கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிடலாமா? நான்தான் பெருமை பிடித்தவளா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் பெருமை பிடித்தவர் இல்லை. வீட்டில் ஒரு பிள்ளைக்கு நடக்கும் அநியாயம் கண்ணுக்குத் தெரிவதும், அது மனதை அறுப்பதும் பெருமை ஆகாது. கோபத்தை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அதைப் பிறகு பேசுகிறேன்.

குடும்ப ஆலோசனை என் தொழில். அதற்கு முன் இறையியல் படித்தவன் என்பதால் சபைக் குடும்பங்கள் என்னிடம் அதிகம் வருகின்றன. "தாழ்மையாக இரு" என்ற சொல் என் ஆலோசனை அறையில் அடிக்கடி காதில் விழும். மருமகளுக்குச் சொல்லப்படும், தம்பிக்குச் சொல்லப்படும், சம்பளம் பாக்கி கேட்ட கோவில் பணியாளருக்குச் சொல்லப்படும். கமிட்டியில் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் அம்மாவும் உங்களிடம்தான் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் சொல்ல அவருக்குப் பயம். நம் சபைகளில் அந்த உபதேசம் தலைகீழாகிப்போனது எனக்குப் பெரிய வேதனை.

இயேசு தாழ்மையைப் பற்றி யாரிடம் பேசினார் என்று சுவிசேஷங்களைப் புரட்டிப் பாருங்கள். லூக்கா 14இல், விருந்தில் முதல் இடங்களைத் தேடிப் பிடித்துக்கொண்டவர்களிடம் பேசினார். மாற்கு 10இல், ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமும் உட்கார இடம் கேட்ட யாக்கோபையும் யோவானையும் வைத்துப் பேசினார். மத்தேயு 23இல், ஜெப ஆலயத்தின் முதன்மையான ஆசனங்களையும் சந்தை வெளியில் கிடைக்கும் வந்தனங்களையும் விரும்புகிறவர்களைப் பற்றிப் பேசினார். யோவான் 13இல் பேசுவதற்கு முன்னால் தாமே எழுந்து, சீலையை அரையில் கட்டிக்கொண்டு, சீஷர்களின் காலைக் கழுவினார். நாற்காலியில் இருப்பவனும் நாற்காலிக்கு ஆசைப்படுகிறவனும்தான் எல்லா இடத்திலும் அந்தப் பாடத்துக்கு மாணவர்கள்.

மாறாக, நிமிர முடியாமல் 18 வருடம் கூனியாய் இருந்த ஒரு பெண்ணை லூக்கா 13இல் பார்க்கிறோம். அவளிடம் அவர் தாழ்மையாக இரு என்று சொல்லவில்லை, நிமிர்த்திவிட்டார். ஓய்வுநாளில் இதைச் செய்யலாமா என்று ஜெப ஆலயத் தலைவன் ஜனங்களைப் பார்த்துச் சத்தம் போட்டபோதுதான் 'மாயக்காரனே' என்ற வார்த்தை வந்தது. ஓய்வுநாளில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறாயே, ஆபிரகாமின் குமாரத்தியான இவளை அவிழ்த்துவிடக் கூடாதா என்று கேட்டார். அந்தத் தலைவனிடம் பக்தி இல்லாமல் இல்லை. ஒழுங்கு, நாள், சட்டம் எல்லாம் அவனுக்கு முக்கியம். கண்ணெதிரே இருக்கிற பெண் மட்டும் முக்கியமாகத் தெரியவில்லை. உங்கள் தங்கையை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள்.

அப்படியானால் அப்பா மாயக்காரரா? இந்த வார்த்தையைக் கவனமாகக் கையாள வேண்டும். சொன்னபடி வாழ முடியாத எல்லோரையும் மாயக்காரர் என்றால் பூமியில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். பேதுரு மூன்று தடவை மறுதலித்துவிட்டு மனங்கசந்து அழுதார். அதற்காக இயேசு அவரை மாயக்காரன் என்று சொல்லவில்லை. விழுவது பலவீனம். விழுந்த இடத்தைப் பக்தியால் மூடி, அதற்கு மேலே நின்றுகொண்டு அடுத்தவனுக்கு வழி சொல்வதுதான் இயேசு கடிந்துகொண்ட பாவம். ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் வரைக்கும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்றார். தசமபாகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இதையும் செய்யவேண்டும், அதையும் விடாதிருக்கவேண்டும் என்றார். அப்பாவின் ஜெபமும் வேதவாசிப்பும் பொய்யென்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை. அவை உண்மையாகவே இருக்கலாம், தங்கையின் முகத்துக்கு எதிரே வாசலைச் சாத்தியதும் உண்மையாக இருக்கலாம். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருக்க முடிவதுதான் இந்த நோயின் கொடுமை.

'பரிசேயர்' என்ற சொல்லை வசவாகப் பயன்படுத்தும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். பரிசேயர் என்பவர்கள் வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த ஒரு யூதப் பிரிவினர், அவர்கள் எல்லோரும் வேடதாரிகள் அல்ல. இராத்திரியில் இயேசுவைத் தேடி வந்த நிக்கொதேமு பரிசேயர். அப்போஸ்தலரைக் கொல்ல வேண்டாம் என்று ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து பேசிய கமாலியேலும் பரிசேயர். யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூதே ஏழு வகைப் பரிசேயரைப் பட்டியல் போட்டு, பகட்டுக்குப் பக்தி செய்பவர்களைக் கண்டிக்கிறது. தீர்க்கதரிசிகளான ஆமோஸ், ஏசாயா காலத்திலிருந்து அந்த மக்கள் தங்களைத் தாங்களே சோதித்து வந்தார்கள், இயேசுவும் அந்த வரிசையில் நின்றே பேசினார். அது ஒரு வீட்டுக்குள்ளே நடந்த கண்டிப்பு. அதை நாம் வெளியாள்மேல் எறிகிற கல்லாக்கிக்கொண்டோம். தொடக்ககாலச் சபையிலேயே இந்த ஆபத்து இருந்தது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட திதாக்கே என்ற சபை ஒழுங்கு நூல், மாயக்காரர் திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள் என்கிறது. கிழமையை மாற்றிவிட்டால் மாயம் போய்விடுமா? இயேசு கேட்டது தலைக்கு எண்ணெய் பூசி, முகத்தைக் கழுவி, யாருக்கும் தெரியாமல் உபவாசிக்கிற மனதை.

இனி, உங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமான வேதபகுதிக்கு வருகிறேன். கலாத்தியர் 2ஆம் அதிகாரம், 11 முதல் 14 வரை. நம் மேடைகளில் இதை எடுத்துப் பேசுகிறவர்கள் குறைவு.

அந்தியோகியா சபையில் யூதரும், யூதரல்லாத புறஜாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேதுருவும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு எருசலேம் சபையின் தலைவரான இன்னொரு யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களைக் கண்டதும் பேதுரு மெதுவாகப் பின்வாங்கித் தனிப் பந்திக்குப் போய்விட்டார். மற்ற யூதரும் அவரைப் பார்த்து எழுந்தார்கள், எல்லோருக்கும் ஆறுதலாக இருந்த பர்னபாவும் அந்த மாயத்தில் இழுப்புண்டான். பவுல் என்ன செய்தார்? 'முகமுகமாய் அவனோடே எதிர்த்தேன்' என்று எழுதுகிறார். எதிரே இருந்தவர் சாதாரண ஆள் இல்லை, அப்போஸ்தலருக்குள் மூத்தவர்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, தகராறு உபதேசத்தைப் பற்றியதே அல்ல. பேதுருவின் உபதேசம் சரியாகத்தான் இருந்தது. புறஜாதியாரான கொர்நேலியுவின் வீட்டில் தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று பிரசங்கித்தவர் அவர். சாப்பாட்டில், யாரோடு உட்காருவது என்பதில்தான் வழுக்கினார். அதைப் பவுல் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடவாதது என்றே சொல்கிறார். பந்தி சிறிய விஷயம், விசுவாசம்தான் பெரியது என்று யாராவது உங்களிடம் சொன்னால், பவுல் அப்படி நினைக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம்.

இரண்டாவது, பேதுரு ஏன் அப்படிச் செய்தார்? பவுலே காரணத்தை எழுதிவிட்டார்: பயந்து. அகங்காரம் என்றோ வெறுப்பு என்றோ எழுதவில்லை. என் ஆலோசனை அறையிலும் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வாழும் பல அப்பாக்களின் மூர்க்கத்தைக் கொஞ்சம் தோண்டினால் அடியில் பயம் இருக்கும். அண்ணன் தம்பிகள் என்ன சொல்வார்கள், அடுத்த பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள், திருமண்டலத் தேர்தலில் சொந்தக்காரர்களின் ஓட்டு நமக்கு விழுமா, இத்தனை வருடம் சேர்த்த மரியாதை என்னாகும் என்கிற பயம். சபைத் தேர்தல்களில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தங்கையை அப்பா உள்ளே விட்டால், அடுத்த நாள் காலையில் யாரெல்லாம் அவரிடம் முகம் திருப்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர் நடுங்குவது அந்த முகங்களுக்குத்தான். இதைச் சொல்வதால் அவர் செய்வது குறைந்த பாவம் ஆகிவிடாது. பேதுரு பயந்துதான் செய்தார் என்று தெரிந்தும் பவுல் அவரை விட்டுவிடவில்லை. ஆனால் பயந்தவரிடம் பேசுகிற விதம் வேறு, கொடியவரிடம் பேசுகிற விதம் வேறு. அப்பா எந்த வகை என்பது உங்களுக்கே தெரியும். கடிதத்தை வைத்துப் பார்த்தால் முதல் வகை என்றே எனக்குப் படுகிறது.

இந்தப் பயத்தை அவர் தானாக உண்டாக்கவில்லை, நம் சபைகள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கையளித்திருக்கின்றன. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், தென்னிந்தியச் சபைகளுக்குள் சாதி வேற்றுமையை உறுதியாக, உடனடியாக, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் அதை ஏற்காமல் சபையைவிட்டே விலகினார்கள். ஒரே அப்பத்தில் பங்குகொள்ள வருவோம், ஒரே வரிசையில் வரமாட்டோம் என்பது பலருடைய நிலையாக இருந்தது. உங்கள் பக்கத்திலேயே வடக்கன்குளம் இருக்கிறதே, அந்தக் கத்தோலிக்க ஆலயத்தில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலானவர்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவே சுவர் இருந்தது. பீடத்தை இரண்டு பக்கமும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910இல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். பீடத்தைப் பார்த்துக்கொண்டு சகோதரனைப் பார்க்காமல் இருப்பதற்குச் செங்கல் வைத்துக் கட்டிய ஏற்பாடு அது. இப்போது கோவிலுக்குள் சுவர் இல்லை. அதே அளவு உயரத்தில் கல்யாணப் பேச்சில் இருக்கிறது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் இருக்கிறது.

நம் நெல்லைச் சபைகளுக்கு அசனப் பண்டிகை என்ற அழகான வழக்கம் உண்டு. பெரிய அண்டாக்களில் சோறு வடித்து, சபையாரே வெட்டி, சமைத்து, பரிமாறி, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது. அந்தியோகியாப் பந்தியின் ஞாபகம் இன்னும் நம்மிடம் உயிரோடு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அப்பா எத்தனை அசனத்தில் வாளி தூக்கிப் பரிமாறியிருப்பார்! அங்கே யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்று அவர் பார்த்திருக்கமாட்டார். அதே மனிதரால் சொந்த மருமகனுக்கு வீட்டில் ஒரு இலை போட முடியவில்லை. இதை அவரிடம் நீங்கள் சொல்லலாம். வசனம் சொல்வதைவிட இது அவருக்கு உறைக்கும், ஏனென்றால் வசனத்தில் அவர் உங்களைவிடக் கெட்டிக்காரர்.

சரி, எப்படிச் சொல்வது? மத்தேயு 18:15 வழி காட்டுகிறது: தனித்திருக்கையில் அவனிடத்தில் போ. முதலில் தனியாகப் பேச வேண்டும். குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, சில பேருடைய கடின இருதயத்தை மாற்றும்" என்று அவர் காதில் விழ ஜெபிக்காதீர்கள். ஜெபத்தை ஆயுதமாக்குவது அவர் செய்கிற அதே காரியம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வசனம் போடாதீர்கள். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போனதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன், தாங்க முடியாமல்தான் போனீர்கள். ஆனால் அது அவருக்கு வசதியாகப்போனது. சபைக்கு முன்னால் மகள் அவமானப்படுத்திவிட்டாள் என்று அதைப் பேசிக்கொண்டிருக்கலாம், தங்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆராதனை முடிந்து வந்த கையோடு வேண்டாம், கமிட்டிக் கூட்ட நாளும் வேண்டாம். அவர் அமைதியாக இருக்கும் ஒரு காலையில், அம்மாகூட இல்லாதபோது உட்காருங்கள். நீளமாகப் பேசாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "அப்பா, நீங்க எங்களுக்கு ஜெபிக்கக் கத்துக்கொடுத்தீங்க. அதனாலதான் கேக்குறேன். தங்கச்சி வாசல்ல நிக்கிறப்ப நாம உள்ள உக்காந்து கர்த்தருடைய ஜெபம் சொல்றது எனக்கு முடியலப்பா. எங்கள் கடன்களை மன்னியும்ங்கிற வரியில எனக்குக் குரல் வரமாட்டேங்குது. நீங்க யாருக்குப் பயப்படுறீங்கன்னு எனக்குப் புரியுது. நான் உங்க கூட நிக்கிறேன்." அதோடு நிறுத்துங்கள். பதில் அன்றைக்கே வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கத்துவார். கத்தினால் எழுந்து வெளியே வாருங்கள், பதிலுக்குக் கத்த வேண்டாம். "தகப்பனைக் கனம்பண்ணு என்று வேதம் சொல்கிறது" என்பார். எபேசியர் 6இல் அந்தக் கட்டளைக்கு மிக அருகிலேயே, பிதாக்களே, உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் வளர்த்துங்கள் என்றும் இருக்கிறது. ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு மற்றதைத் தாண்டிப் போவது சரியான பாடவாசிப்பு அல்ல. ஆனால் இதை அந்த நேரத்தில் திருப்பிச் சொல்ல வேண்டாம். வாக்குவாதத்தில் வென்று என்ன பயன்?

தனியாகப் பேசியும் பயனில்லை என்றால் அவர் மதிக்கிற ஒருவரோடு போங்கள். சேகரகுரு முதலில் நினைவுக்கு வருவார். ஆனால் அப்பா கமிட்டியில் இருப்பதால் குருவானவருக்குத் தயக்கம் இருக்கும். ஓய்வுபெற்ற ஒரு குருவானவர், அப்பாவோடு படித்த ஒரு நண்பர், அவருடைய அக்கா என்று யாராவது இருக்கலாம். போகிறவர் ஒரு விஷயத்தை நினைவூட்டினால் நல்லது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முன்பு நம் ஆங்கிலிக்கச் சபைகள் வைத்திருந்த ஜெபப்புத்தக மரபில், 1662ஆம் ஆண்டின் புத்தகத்திலேயே, திருவிருந்துக்கு முன்னால் குருமாருக்கு ஒரு கட்டளை உண்டு. இருவருக்குள் பகையும் வன்மமும் இருப்பது தெரிந்தால், ஒப்புரவாகும்வரை அவர்களைப் பந்திக்கு விடக்கூடாது. ஒருவர் மனதார மன்னிக்கத் தயாராக இருந்து மற்றவர் பிடிவாதமாக இருந்தால், தயாராக இருப்பவரைச் சேர்த்துக்கொண்டு பிடிவாதக்காரரை நிறுத்த வேண்டும். பணக்காரர், கமிட்டிக்காரர் என்ற விலக்கு எதுவும் அதில் கிடையாது. குடும்பச் சண்டைக்கும் கோவிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நம் முன்னோர்கள் தெளிவாகவே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். 'ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?' என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டதும் அதையே கேட்கிறது.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், வருத்தப்படாதீர்கள். நாளைக் காலையில் அப்பா தானாகவே பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய், பேத்தியைத் தூக்கிக் கொஞ்சினால், உங்களுக்கு முழுச் சந்தோஷம் வருமா? அல்லது 'இவ்வளவு நாள் செய்ததற்கு இவருக்கு இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே' என்று மனதின் ஒரு மூலையில் ஏமாற்றம் இருக்குமா? முழுச் சந்தோஷம் என்றால் உங்கள் கோபம் நீதியின் பக்கம் இருக்கிறது. ஏமாற்றமும் கலந்திருக்கும் என்றால், அப்பா தப்பான ஆளாகவே இருப்பது உங்களுக்கும் ஏதோ ஒரு வகையில் தேவைப்படத் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் பரிசேயனின் ஜெபம் நமக்குள் நுழைகிறது. லூக்கா 18இல் அவன், பக்கத்தில் நின்ற வரி வசூலிப்பவனைக் காட்டி, 'இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால், உமக்கு ஸ்தோத்திரஞ் செலுத்துகிறேன்' என்றான். நாம், "என் அப்பாவைப்போல் இல்லாததற்கு ஸ்தோத்திரம்" என்போம். இது உங்களுக்கு மட்டுமான எச்சரிக்கை இல்லை. மாய்மாலத்தைப் பற்றி எழுதுகிற, பேசுகிற எல்லோருக்கும் உள்ளது.

நாலாம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில், 'அப்பா' என்று மரியாதையாக அழைக்கப்பட்ட மோசே என்றொரு துறவி இருந்தார், ஒருகாலத்தில் கொள்ளைக்காரர். தவறு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கக் கூடியபோது அவரையும் அழைத்தார்கள். அவர் ஒழுகுகிற ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிச் சுமந்துகொண்டு போனார். இது என்ன என்று கேட்டதற்கு, "என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, எனக்குத் தெரிவதில்லை, நானோ இன்னொருவனின் குற்றத்தை விசாரிக்க வந்திருக்கிறேன்" என்றார். விசாரிக்க வந்தவர்கள் அந்தச் சகோதரனை மன்னித்தார்கள். நான் இதை உங்களுக்குச் சொல்வது வாயை மூடிக்கொள்ளச் சொல்வதற்காக அல்ல. பவுலைப்போல முகமுகமாகப் பேசுங்கள், மோசேயைப்போல உங்கள் பாத்திரத்தையும் சுமந்துகொண்டு போய்ப் பேசுங்கள். உங்களிடம் கேட்கப்படும் தாழ்மை இந்த அளவுதான். தங்கைக்காகப் பேசாமல் இருப்பது அதில் சேராது.

கோவிலுக்குப் போவதை நிறுத்தலாமா? அப்பாவுக்காக நிறுத்த வேண்டாம். ஆராதனை அவருடைய சொத்து அல்ல. வட ஆப்பிரிக்காவில் தோனாத்தியர்கள் என்ற பிரிவினர், கறைபட்ட குருக்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று தனிச் சபையாகப் பிரிந்திருந்தார்கள், பிற்பாடு அங்கே பேராயராக இருந்த அகுஸ்தீன் அதைக் கடுமையாக மறுத்தார். கொடுப்பவர் கிறிஸ்து, கையில் ஏந்தி நிற்கிற மனிதனின் தகுதியால் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்றார். அப்பா வாசிக்கிற பாடத்தையும் அப்படியே கேட்கலாம். ஆனாலும் அவர் குரலைக் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது என்றால், கொஞ்ச நாள் வேறொரு சபையில் போய் உட்காருங்கள். தங்கை போகிற சபைக்கே போனால் என்ன?

மகனுக்குப் பொய் சொல்லாதீர்கள். "அது பெரியவங்க விஷயம்" என்றும் தள்ளாதீர்கள், பத்து வயதுப் பிள்ளை அதை நம்பமாட்டான். தாத்தா செய்வது தப்பு, தாத்தாவுக்குப் பயம் இருக்கிறது, நாம் தாத்தாவை நேசிக்கிறோம், சித்தியையும் நேசிக்கிறோம் என்று அதே வரிசையில் சொல்லுங்கள். இயேசுவே மத்தேயு 23இல் இதற்கு வழி வைத்திருக்கிறார்: அவர்கள் சொல்லுகிறதைக் கைக்கொள்ளுங்கள், அவர்கள் செய்கையின்படி செய்யாதிருங்கள். 'எல்லாரையும் நேசிக்கணும்' என்று தாத்தா சொன்னது சரி என்பதை அவன் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போங்கள், பகலிலே, எல்லோருக்கும் தெரிய. சித்தப்பா பரிமாற அவன் சாப்பிடட்டும். நீங்கள் சொல்கிற எந்த விளக்கத்தையும்விட அது அவனுக்குப் புரியும்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. சத்தம் போடுவதைத் தாண்டி அப்பா கை நீட்டுகிறாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அப்படி இருந்தால் மேலே சொன்ன ஒப்புரவுப் பேச்செல்லாம் பிறகுதான். முதலில் அம்மாவின் பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181க்கு நீங்களே பேசலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடியை மட்டுமல்லாமல் வார்த்தையாலும் மனத்தாலும் செய்யும் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. சபைக் குடும்பங்கள் கௌரவத்துக்காக இதை மறைப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவை எதையும் செய்வதற்கு முன்னால் தங்கையிடம் கேளுங்கள். நான்கு வருடமாக வெளியே நிறுத்தப்பட்டிருப்பவர் அவர். அந்த வீட்டுக்குத் திரும்பி வர அவருக்கு விருப்பம் இருக்கிறதா, எந்த மரியாதையோடு வர விரும்புகிறார், கணவரும் சேர்ந்து வருவாரா என்பதெல்லாம் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மகள் மட்டும் வரட்டும், மாப்பிள்ளை வேண்டாம் என்று அப்பா பேரம் பேசக்கூடும். அதற்கு உங்கள் வாயால் சம்மதம் சொல்லிவிடாதீர்கள், அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை தங்கையுடையது. இப்போதைக்கு எனக்கு எதுவும் வேண்டாம் அக்கா என்று அவர் சொன்னால், அப்பாவிடம் அவர் சார்பாகப் பேசாமல் உங்கள் சொந்த வருத்தத்தை மட்டும் பேசுங்கள், தங்கை வீட்டுக்குப் போய்வருவதை நிறுத்தாதீர்கள். மறுபடியும் எழுதுங்கள்.